கரண்ட் வரும் நேரம் வேறு, மோட்டார் ஓடும் நேரம் வேறு

மீட்டர் இல்லாத 5 குதிரைத்திறன் விவசாய மோட்டாருக்கு ஆண்டுக்கு 12,253 யூனிட் வருகிறதே, சரியா என்று கேட்டிருந்தீர்கள். பெருக்கலில் பிழையில்லை: 5 குதிரைத்திறன் என்றால் 3.73 கிலோவாட், தினம் 9 மணி நேரம், 365 நாள். ஆனால் கரண்ட் இருக்கும் நேரமெல்லாம் மோட்டார் ஓடாது சார். மழைக்காலம் உண்டு, அறுவடை உண்டு, கிணறு வற்றுவதும் உண்டு. இன்னொரு பக்கம், 5 என்று பதிந்த இடத்தில் ஏழரை ஓடுவதும் நடக்கும்.

விவசாய இணைப்புகள் மட்டுமே உள்ள டிரான்ஸ்பார்மர்கள் சிலவற்றில் மீட்டர் வைத்து, ஓராண்டு முழுக்க ரீடிங் எடுங்கள். கம்பியில் போகும் இழப்பைக் கழித்து, மீதியை அதில் இணைந்துள்ள மொத்தக் குதிரைத்திறனால் வகுங்கள்; ஒரு குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற விகிதம் கிடைக்கும். கழிக்க மறந்தால் அந்த இழப்பும் விவசாயி தலையில் விழும், அரசு தர வேண்டிய மானியமும் ஊதிப்போகும். (மின் கட்டணத்தை நிர்ணயிக்கும் விசாரணைகளில் சண்டை வருவதே இங்கேதான்.) அப்புறம், டெல்டாவுக்கும் கோவைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளுக்கும் ஒரே விகிதம் போட்டுவிடாதீர்கள்.

இதேபோல் மீட்டர் இல்லாத குடிசை இணைப்புக்கு ஒற்றை பல்பு என்ற பழைய கணக்கு இனி உதவாது. 2006க்குப் பிறகு இலவச டிவி, 2011க்குப் பிறகு மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று வந்துவிட்டன. அங்கேயும் சில வீடுகளில் மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.