உருகிப் போன ஈயச்சொம்பும் ஒரு வீசை தனியாவும்

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகிறது. என் கணவருடைய அப்பாவழிப் பாட்டி கைப்பட எழுதிய வீட்டுக்குறிப்பு நோட்டு ஒன்று இங்கே இருக்கிறது. அட்டையில் 1959 என்று போட்டிருக்கிறது. மாமியார் அதைச் சுவாமி அலமாரியில்தான் வைத்திருக்கிறார். அவர் பெங்களூரில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருக்கும் சமயம் பார்த்து, ஆசையாக எடுத்துப் படித்தேன். 'ஈயச்சொம்பில் வைத்தால்தான் ரசம்' என்றிருந்தது. பரணிலிருந்து பாட்டியின் சொம்பை இறக்கித் தேய்த்துக் கழுவி, ஈரம் காயட்டும் என்று கேஸ் அடுப்பில் ஏற்றிவிட்டுப் புளி கரைக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தால் சொம்பைக் காணோம். பர்னரைச் சுற்றி வெள்ளிக் குளம் மாதிரி மினுங்குகிறது. மாமியார் வர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாமா? அப்புறம், நோட்டில் 'தனியா ஒரு வீசை', 'கொத்தமல்லி ஓரணாவுக்கு' என்றெல்லாம் இருக்கிறது. என் கணவர், "அது வீசை இல்லை, மீசை. பாட்டிக்கு எழுத்துப் பிழை" என்கிறார். இந்தக் குறிப்புகளில் எதை நம்பலாம்?

பின்குறிப்பு: ஒரு பக்கத்து ஓரத்தில், 'து.பருப்பு டின் அடியில் 12 ரூ. அவருக்குத் தெரியாது' என்று பாட்டி எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே வேறு மையில், வேறு கையெழுத்தில், 'தெரியும்' என்று இருக்கிறது.

– திருச்சி வாசகி

பதில்: பின்குறிப்பைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் சொம்பு.

ஈயச்சொம்பு புழங்கிய வீடுகளில் அதை உருக்கிய கதையும் ஒன்று இருக்கத்தான் செய்யும். உங்கள் வீட்டில் இதுவரை இல்லை, இப்போது வந்துவிட்டது, அவ்வளவுதான். சொம்பு செய்யும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை சூடு நூறு டிகிரிக்கு மேலே போகாது, சொம்பு தப்பிக்கும். வெறும் சொம்பை கேஸ் மேல் வைத்தால் ஒரு புளி கரைக்கும் நேரம் போதும். அந்தக் காலத்தில் ரசம் கொதித்தது கும்முட்டி அடுப்புத் தணலில். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் சொம்பு அடுப்புக்கே போகும். கேஸில் வைப்பதானால் தீயைக் குறைத்து, ஜுவாலை சொம்பின் பக்கவாட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் ஒன்றைக்கூடப் பாட்டி எழுதவில்லை, கவனித்தீர்களா? எழுதத் தோன்றியிருக்காது. 'சோற்றை வாயில் போட்டுச் சாப்பிடவும்' என்று யாராவது எழுதுவார்களா?

பழைய குறிப்புகளில் சிக்கலே இங்கேதான். எழுதியிருப்பது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் தெரியும் என்று விட்டுவிட்டதில்தான் நாம் வழுக்கி விழுகிறோம். நானும் விழுந்திருக்கிறேன். கல்யாணமான புதிதில், 'வேட்டிக்குக் கடைசி அலசலில் நீலம் போடு' என்று மாமியார் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனார். போட்டேன். வாளியில் வேட்டி கிடந்தது, அதன்மேலேயே பொடியைத் தூவினேன். நீலத்தைத் துணியில் முடிந்து, தனித் தண்ணீரில் ஆட்டிக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் துணியை முக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீலப்பொடி தண்ணீரில் கரைகிற சாயமே இல்லை. மிக நைசான தூள், அவ்வளவுதான். விழுந்த இடத்தில் திட்டாக உட்கார்ந்துகொள்ளும். மாமனார் வேட்டியை விரித்துப் பார்த்துவிட்டு, "இதில் இலங்கை எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டார். எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் ஊறப்போட்டு அந்த உலகப்படத்தை வெளுக்க வைத்தது என் ஓரகத்தி. புளிப்புப் பட்டால் அந்த நீலம் சிதைந்துவிடும்.

சரி, புதுச் சொம்பு வாங்குவதற்கு வருவோம். உறைந்த ஈயத்தை எறியாமல் பெயர்த்து எடுத்து வையுங்கள். ஈயச்சொம்பு எடை போட்டுத்தான் விலை. பழைய ஈயத்தைக் கொடுத்தால் பல கடைகளில் கழித்துக்கொள்வார்கள். திருச்சியிலிருந்து கும்பகோணம் தூரமில்லை, பாத்திரக் கடைத் தெருவில் நாலு கடை ஏறி இறங்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். தமிழில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் ஓடுகிறது. சொம்புக்கு வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அதுவும் புளி சேர்ந்தால் ரசத்திலேயே இறங்கிவிடும். வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். பென்சில் மாதிரி கறுப்பாகக் கோடு விழுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். கோடு விழாவிட்டாலும் கொஞ்சம் காரீயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. ஆகவே உலோகப் பரிசோதனை செய்து சான்று தருகிற கடையாகப் பார்த்து வாங்குவதுதான் புத்திசாலித்தனம். ருசியை விட ரத்தம் முக்கியம்.

அதே மாதிரி வாங்கி, ஒன்றுமே நடக்காத மாதிரி பரணில் வைத்துவிடலாம் என்று நினைத்திருந்தால், வேண்டாம். மாட்டிக்கொள்வீர்கள். பத்துப் பன்னிரண்டு ரசப்பொடி டப்பாவில் தன்னுடையதை மோந்தே கண்டுபிடிக்கிற தலைமுறை அது. அறுபது வருஷத்து நெளிவையும் மங்கலையும் எந்தக் கடையில் வாங்குவீர்கள்? இன்று இரவே போன் செய்து, "அத்தை, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பியுங்கள். அந்தச் சொம்பு அவருக்கும் மாமியார் சொத்து என்பதை மறக்காதீர்கள். இத்தனை வருஷம் அது ஏன் அடுப்படிக்கு வராமல் பரணிலேயே இருந்தது என்று எனக்கு ஒரு சந்தேகம். அவருக்கே அதைக் கண்டால் பயமாக இருந்திருக்கலாம்!

இனி அளவுகள். வீசை, வீசையேதான். உங்கள் கணவரின் மீசை பத்திரமாக இருக்கட்டும். ஒரு வீசைக்கு நாற்பது பலம், ஒரு பலம் சுமார் 35 கிராம். ஆக ஒரு வீசை கிட்டத்தட்ட ஒரு கிலோ நானூறு கிராம். கிலோ கட்டாயமானது 1960களின் தொடக்கத்தில்தான். 1959இல் எழுதியவர் வீசைக் கணக்கில்தான் எழுதியிருப்பார். அந்தப் பொடி, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் சேர்த்துப் பல மாதத்துக்கு அரைத்தது. இரண்டு பேருக்கு அதே அளவில் திரித்து வைத்தால் அடுத்த ஆடி வரைக்கும் தும்மிக்கொண்டிருப்பீர்கள். எல்லாவற்றையும் பத்தில் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள், விகிதம் மாறாமல் இருந்தால் போதும்.

ஓரணாக் கொத்தமல்லிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டாலும் ஜனங்கள் வாயிலிருந்து அணா இறங்கப் பல வருஷம் ஆனது. ஓரணா என்றால் ஆறேகால் நயா பைசா. அதற்கு உங்கள் ஊரில் எவ்வளவு கொத்தமல்லி கொடுத்தார்கள் என்று அந்தக் காய்கறிக்காரருக்குத்தான் வெளிச்சம். எனவே கைநிறைய என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் நாம் கடைக்குப் போய் "பத்து ரூபாய்க்குக் கொடுங்க" என்றுதானே கேட்கிறோம்? அறுபது வருஷம் கழித்து உங்கள் பேத்தியும் தலையைச் சொறியப் போகிறாள்.

அந்தக் கால நோட்டு என்றால் துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவும் குறிப்பு இல்லாமல் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். வண்டு பருப்பின் மேல்தான் முட்டையிடும். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் முட்டைக்குக் காற்று கிடைக்காது, பொரியாது. கிலோவுக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன் விட்டுப் பிசறி, வெயிலில் காயவைத்து டின்னில் அடைக்கலாம். இதிலும் எழுதாமல் விட்ட வரி ஒன்று உண்டு: வேகவைக்கும் முன் இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் சாம்பார் பிரசவ மருந்து வாசனை அடிக்கும்.

பட்டுப்புடவையைப் பழைய வேட்டியில் சுற்றி வை, பூச்சி உருண்டையை ஜரிகைமேல் படவிடாதே என்று இருந்தால் அதுவும் சரிதான். ஜரிகை கறுத்துவிடும். அதோடு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், மடித்த இடத்திலேயே இற்றுப்போகாமல் இருக்கும்.

சாம்பாரில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போடச் சொல்லியிருந்தால் மட்டும் பாட்டியோடு நான் சண்டைக்கு வருவேன். கிழங்கு உப்பை மட்டும் தனியாக உறிஞ்சாது. உப்புத்தண்ணீரை உறிஞ்சும். கிழங்கை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது அதே கரிப்பு, கொஞ்சம் குறைந்த சாம்பார். வெந்த பருப்பும் தண்ணீரும் சேர்த்து விளாவுவதுதான் வழி.

கடைசியாக அந்தப் பன்னிரண்டு ரூபாய். அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. கொத்தமல்லிக் கணக்கில் பார்த்தால் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு கட்டு. தாத்தா பருப்பு டின்னுக்குள் கைவிட்டுப் பார்த்திருக்கிறார், எடுக்கவில்லை, ஒரே ஒரு சொல் எழுதிவிட்டு மூடியிருக்கிறார். அதைப் பார்த்த பிறகு பாட்டி சும்மா இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. சர்க்கரை டின், உளுந்து டின் என்று வேறு எங்காவது கணக்கு மாறியிருக்கும். அடுத்தடுத்த பக்க ஓரங்களைப் பார்த்துவிட்டு எனக்கு அவசியம் எழுதுங்கள்.