ஏற்றத்தில் பாதை, இறக்கத்தில் ரோடு

கேள்வி: நுவரெலியா டவுனுக்கு வெளியே குடியிருக்கிறேன். பெற்றோல் செலவு கட்டுப்படியாகாமல் வேலைக்கு சைக்கிளில் போக ஆரம்பித்திருக்கிறேன். எங்கள் பக்கம் ரோட்டோரமாகக் கல் பதித்த பாதை இருக்கிறது. அதில் போனால் நடப்பவர்கள் முறைக்கிறார்கள். ரோட்டில் போனால் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்தே ஓரங்கட்டுகிறார்கள். எதில் ஓட்டுவது?

பதில்: இரண்டிலும்தான். ஏறும்போது பாதையில் போங்கள், இறங்கும்போது ரோட்டுக்கு வாருங்கள். சமதரை ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்குத் தேவையில்லை, நமக்குத் தேவை.

ஏற்றத்தில் உங்கள் வேகம் மணிக்கு 8, 10 கிலோமீற்றரைத் தாண்டாது. அந்த வேகத்தில் சைக்கிள் கொஞ்சம் தள்ளாடத்தான் செய்யும். பின்னால் மரக்கறி லொறி உறுமிக்கொண்டு வரும்போது ரோட்டில் தள்ளாடுவது வீண் வம்பு. பாதையில் என்றால் ஆள் எதிர்ப்பட்டதும் காலை ஊன்றி நின்றுவிடலாம். முறைப்பைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. மணியை ஆளின் முதுகுக்குப் பின்னால் வந்து அடிக்காதீர்கள்; தூரத்திலேயே ஒருமுறை அடித்துவிட்டு, கிட்டே வந்ததும் "அண்ணே, கொஞ்சம்" என்று வாயால் கேளுங்கள். பஸ் தரிப்பிடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே மரியாதை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் பாதையைப் பார்த்துக் காலை வைப்பதில்லை.

இறக்கத்தில் கதை வேறு. மிதிக்காமலே 30 வந்துவிடும். அந்த வேகத்தில் ஒரு விநாடிக்கு 8 மீற்றருக்கு மேல் ஓடிவிடுவீர்கள். கேட்டிலிருந்து ஒரு த்ரீவீலர் மூக்கை நீட்டுவதைக் கண்டு, விரல் பிரேக்கை அழுத்துவதற்குள் அந்த 8 மீற்றரும் போய்விடும். பாதை என்றால் வாகனமே வராது என்று நினைக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கேட்டும் ஒவ்வொரு ஒழுங்கையும் அதை வெட்டிக்கொண்டுதான் ரோட்டில் ஏறுகிறது. பாதையின் நடுவில் ஆபத்து குறைவு, அந்த வெட்டுகளில்தான் அதிகம்.

அதிலும் மோசமானது, ரோட்டின் வலப்பக்கத்துப் பாதையில் வாகனங்களுக்கு எதிர்த்திசையாகப் போவது. ஒழுங்கையிலிருந்து வெளியே வரும் சாரதி முதலில் வலப்பக்கம்தான் பார்ப்பார், ஏனென்றால் கிட்டவரும் வாகனம் அங்கிருந்துதான் வரும். நீங்களோ அவருடைய இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவர் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை. கண்ணுக்குக் கண் பார்த்த பிறகே கடந்து போங்கள்; பார்க்கவில்லையா, நின்றுவிடுங்கள். சரியான பக்கத்தில் போனாலும், உங்களை முந்திய வேன் அடுத்த நிமிடமே இடப்பக்கம் திரும்பலாம். சந்தி கிட்டவரும்போது அதன் சிக்னல் லைட்டில் ஒரு கண் இருக்கட்டும்.

ரோட்டில் இறங்கும்போது வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போகாதீர்கள். விளிம்பிலிருந்து சுமார் ஒரு மீற்றர் உள்ளே வாருங்கள். ஓரத்தில் ஒடுங்கினால்தான் இடமில்லாத வளைவிலும் பஸ் முந்தப் பார்க்கும். ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும், உங்களைக் கண்டுவிட்டார் என்று அர்த்தம். இடம் கிடைத்ததும் ஒதுங்கி வழிவிடுங்கள், பாதிப் பேர் கை காட்டிவிட்டுப் போவார்கள்.

அப்புறம், ஈரம். நம் ஊர்க் கல் பாதையில் மதில் நிழல் விழும் பக்கம் பச்சையாகப் பாசி பிடித்திருக்கும். காலையில் அது தெரியாது, டயர் வழுக்கும்போதுதான் தெரியும். பாசியிலும் கான் மேல் போட்ட இரும்பு மூடியிலும் நேராகப் போங்கள். அங்கே ஹாண்டிலைத் திருப்பாதீர்கள், பிரேக்கும் பிடிக்காதீர்கள். சில மூடிகளில் கம்பி இடைவெளி சக்கரம் ஓடும் திசையிலேயே இருக்கும், மெல்லிய டயர் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும்; அவற்றை மட்டும் விலகிப் போங்கள். பாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படி போன்ற விளிம்பைச் சாய்வாக உரசிக்கொண்டு கடந்தால் முன் சக்கரம் பறித்துவிடும். குறுக்காக, நேர்கோணத்தில் கடக்க வேண்டும்.

சக்கரத்தின் விளிம்பை (ரிம்மை) இறுக்கிப் பிடிக்கும் ரிம் பிரேக் நனைந்திருந்தால் முதல் சுற்றில் பிடிக்காது, தண்ணீரைத் துடைத்த பிறகுதான் பிடிக்கும். அதனால் இறக்கம் தொடங்குமுன் லேசாக அழுத்திப் பாருங்கள். நீண்ட இறக்கத்தில் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு பிரேக்கையும் சேர்த்து.

பின்பக்கம் சிவப்பு லைட் பகலிலும் எரியட்டும். ரிஃப்ளெக்டர் தானாக ஒளிராது, பின்னால் வருகிறவரின் ஹெட்லைட் அதன்மேல் பட வேண்டும். மூடுபனியில் அந்த வெளிச்சம் வந்து சேருவதற்குள் வாகனமே வந்துவிடும். முன் லைட்டைத் தாழ்த்தி வையுங்கள், இல்லாவிட்டால் பனிதான் வெள்ளையாகத் தெரியும்.

ஏப்ரல் சீசனில் பாதையை மறந்துவிடுங்கள். கொழும்பு வாகனங்கள் அதன்மேல்தான் நிற்கும். நின்ற வாகனத்தின் கதவு திறக்கும் தூரத்தை விட்டு விலகி ஓட்டுங்கள். இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பழக வேண்டும் என்றால் போக்குவரத்து இல்லாத தோட்டப் பாதையில் பழகுங்கள். கிரகரி வாவிக்கரை சமமான இடம், அது ஏற இறங்கக் கற்றுத் தராது.

வேலைக்குப் போவது நானுஓயாப் பக்கம் என்றால், ரதல்ல குறுக்குப் பாதையைத் தொடவே வேண்டாம். 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் த்ரீவீலரும் மோதி 7 பேர் இறந்த பாதை அது. சுற்றிப் போனாலும் பிரதான வீதியே போதும்.