மேசை மேல் ஒரு தெமோதரை

கேள்வி: பாடசாலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு மாதமாகிறது. கனடாவில் இருக்கும் மகன் எச்.ஓ. அளவு (அசல் ரயிலில் 87இல் ஒரு பங்கு) கோச்சி செட் ஒன்று அனுப்பியிருக்கிறான். ஆறடிக்கு நாலடி மேசையில் மலைநாட்டு ரயில் பாதையின் தெமோதரை வளையத்தைச் செய்துபார்க்க ஆசை. இடம் போதுமா? 'இந்த வயதில் பொம்மைக் கோச்சியா' என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், ஹட்டன்

பதில்: சிரிக்கட்டும் சேர். என் வீட்டிலும் சிரித்தார்கள். இப்போது கரண்ட் போனால் "ஐயோ, கோச்சி நின்றுவிட்டதே" என்று முதலில் சொல்வது என் மனைவிதான்.

செட்டை இன்னும் பிளக்கில் செருகவில்லையே? கனடாவில் 120 வோல்ட், நமக்கு 230. கூடவே வரும் மின்பெட்டியின் அடியில் என்ன அச்சடித்திருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் பாருங்கள். நான் பார்க்காமல் செருகினேன். ஒரு உறுமல், கருகல் வாசனை, கதை முடிந்தது. 120 மட்டும் இருந்தால் இங்கே 230க்கு ஏற்ற வேறொன்று வாங்குங்கள். தண்டவாளத்துக்குப் போவது 12 வோல்ட்தான்.

சரி, வளையம். தெமோதரையில் ஸ்டேஷனைத் தாண்டும் கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. நம் மலைப்பாதையின் ஏற்றம் 44க்கு 1, அதாவது 44 அடி ஓடினால் ஓர் அடி ஏறும். உங்கள் மேசையில் 45 சென்ரிமீற்றர் ஆரத்தில் வட்டம் போட்டால் சுற்றளவு 283. அந்த ஏற்றத்தில் 6.4 சென்ரிமீற்றர்தான் இறங்கும். ஆனால் மேல் தண்டவாளத்தைத் தாங்கும் பலகையும் இருப்பதால் கோச்சியின் தலை தட்டாமல் போக எட்டரையாவது வேண்டும். ஆகவே வட்டம் வேண்டாம். இரு பக்கமும் 60 சென்ரிமீற்றர் நேர்ப்பாதை சேர்த்து முட்டை வடிவமாக்குங்கள். 403 வரும், 9 சென்ரிமீற்றர் இறங்கலாம். ஏற்றம் அசல் ஏற்றமேதான்!

வளைவை மட்டும் அசலாக்க முயலாதீர்கள். மலைநாட்டுக் கூர்வளைவு சுமார் 100 மீற்றர் ஆரம். 87இல் ஒரு பங்காக்கினாலும் ஒரு மீற்றரைத் தாண்டும், மேசைக்கு வெளியே போய்விடும். தண்டவாள அகலமும் பொருந்தாது. நமது அகலப் பாதைக்கு 19 மில்லிமீற்றர் வேண்டும், எச்.ஓ.வில் 16.5. அளவுகோலோடு யார் வரப்போகிறார்கள்? நான் முப்பது வருடம் ரயில்வேயில் இருந்தவன், எனக்கே கண்ணை உறுத்தவில்லை.

சரிவுக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகை கிடைத்தால் விடாதீர்கள். இரு பக்கமும் பெயின்ற் அடியுங்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் பனியில் வளைந்துவிடும். மரங்களுக்குக் கவ்வாத்து மிலாறு, அதாவது தேயிலைச் செடியிலிருந்து வெட்டி எறியும் குச்சி, போதும். முறுக்கிக்கொண்டு நிற்கும் சின்னக் கிளையை எடுத்து நட்டால் அசல் மரம்தான். வடித்த தேயிலையை நன்றாகக் காயவைத்துப் பசையில் தூவினால் மண். அரைகுறையாகக் காய்ந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நான் மேசையில் செய்த நானுஓயா ஸ்டேஷனில் பிடித்தது.

அப்புறம் இந்த ஈரம். கோச்சி விக்கி விக்கி ஓடினால் எஞ்சினைக் குறை சொல்லாதீர்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் அல்கஹோலைத் துணியில் நனைத்துத் தண்டவாளத்தின் மேல்முகத்தைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறலில்தான் அழுக்கு தங்கும். அல்கஹோல் காய்ந்த பிறகே கரண்ட். எனக்கு மழை மாதங்களில் வாரம் ஒரு தடவை இந்த வேலை இருக்கிறது, பேத்திக்குத் துணியைக் கொடுத்துவிடுவேன்.