குளத்தில் வெள்ளாடு விடலாமா?

நாங்குநேரிப் பக்கத்துக் குளத்தில் சம்பு என்னும் கோரை, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேல் மூன்றும் மண்டிவிட்டன, வெள்ளாட்டை விட்டு அழிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அண்ணாச்சி. காட்டாமணக்கு ஆட்டுக்கு விஷம். தொடர்ந்து தின்றால் நரம்பு கெட்டுத் தள்ளாடும். கருவேல் நெற்றைத் தின்றாலோ, விதை நிறையச் சாகாமல் புழுக்கையோடு விழுந்து இன்னும் பரவும். இரண்டையும் கோடையில் வேரோடு பிடுங்குவதுதான் வழி.

சம்புக்கு எருமை சரி. தண்டைத் தண்ணீருக்கு அடியில் அறுத்துவிட்டு, துளிர்க்கும் குருத்தை மேயவிடுங்கள். மிதிபட்டும் கொஞ்சம் அழியும். ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் 1982இல் எருமை மேய்ச்சலைத் தடுத்த பிறகு, புல் மண்டி நீர்ப்பரப்பையே அடைத்தது. அப்புறம், கூந்தன்குளம் மாதிரி உங்கள் குளத்திலும் பறவை கூடு கட்டினால், குஞ்சு பறக்கும்வரை மாட்டை இறக்காதீர்கள்.