ஒரே நாளில் நாலு ஊர்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் லீவு, சார். கார் இருக்கிறது, குழந்தையோடு நாங்கள் நாலு பேர். மாமல்லபுரம், வேடந்தாங்கல், காஞ்சிபுரம், முடிந்தால் பாண்டிச்சேரி. காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் எல்லாவற்றையும் கவர் பண்ண முடியுமா? எந்த வரிசையில் போவது? (ஒரு வாசகர், ஆவடி)

பதில்: முடியாது. வரிசை அப்புறம் இருக்கட்டும், அந்த 'கவர்' என்ற சொல்லை முதலில் பார்த்துவிடுவோம். இங்கிலீஷ் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். தமிழிலும் அது உண்டு, பறித்துக்கொண்டு போவதற்குப் பெயர் கவர்தல். பகை ஊரின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வருவதை ஆநிரை கவர்தல் என்றார்கள். வெட்சிப் பூவைச் சூடிக்கொண்டு இருட்டோடு இருட்டாகக் கிளம்பி, அந்த ஊர் கண் விழிப்பதற்குள் கிடைத்ததை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பிவிட வேண்டும். உங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்படியே இதுதான். வெட்சி வீரர்கள் ஒரு தடவைக்கு ஒரு ஊரோடு நிறுத்திக்கொண்டார்கள், நீங்கள் நாலு ஊர் கேட்கிறீர்கள்.

மாட்டை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊரில் கல் நட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம், எடுத்தனூர் என்று ஓர் ஊர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நாலாம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று கிடைத்தது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு நட்ட கல். வில்லோடு நிற்கிறான், பக்கத்தில் அவன் நாய். நாயின் பெயர் கோவிவன், அது இரண்டு கள்ளர்களைக் கடித்து அவனைக் காத்து நின்றது என்று அந்தக் கல்லிலேயே எழுதியிருக்கிறது. 1,400 வருஷமாக ஒரு நாயின் பெயர் அழியாமல் இருக்கிறது! நீங்கள் கேட்காத ஊர்தான், ஆனால் எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருகிறேன். ஆவடியிலிருந்து மாமல்லபுரம், அங்கிருந்து வேடந்தாங்கல், அப்புறம் காஞ்சிபுரம், திரும்ப ஆவடி. வழியில் டீ குடிக்காமல் ஓட்டினாலே ஆறு மணி நேரம் காரில் போய்விடும். காஞ்சிபுரத்துப் பெரிய கோயில்களில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பாண்டிச்சேரியை இதில் எங்கே செருகுவது? விட்டுவிடுங்கள். காஞ்சிபுரத்தையும் விட்டுவிடுங்கள், கைலாசநாதர் கோயிலுக்கே அரை நாள் வேண்டும். மாமல்லபுரமும் இன்னொரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும். வேடந்தாங்கலுக்கு மட்டும் போங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், போன தை மாதம் நான் அந்த ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே தண்ணீரில் நிற்கும் கடம்ப மரத்தில் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று வாயில் ஒரு குச்சியோடு வந்து இறங்கியது, குச்சியில் இலைகூட வாடவில்லை. ஜோடி அதை வாங்கிக் கூட்டில் செருகிப் பார்த்தது, பிடிக்கவில்லை போலிருக்கிறது, உருவி வேறு பக்கம் செருகியது, மறுபடி உருவியது. என் பக்கத்தில் ஆறு வயது இருக்கும் ஒரு பெண் குழந்தை, "அப்பா, அது திருப்பித் திருப்பி வைக்குதுப்பா" என்று கத்தியது. அப்பா ஒரு செல்ஃபி எடுத்தார். "பாத்தாச்சுல்ல, வா, இன்னும் ரெண்டு இடம் இருக்கு." வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அந்தக் குழந்தை கார் வரைக்கும் தலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனது. அந்தக் குச்சி கடைசியில் எங்கே நின்றது என்று அதற்குத் தெரியாமலே போய்விட்டதே என்று எனக்கு இன்னமும் ஆறவில்லை.

அந்த ஏரி அரசாங்கம் கட்டிக்கொடுத்த பூங்கா இல்லை, அந்த ஊர்க்காரர்களின் பாசன ஏரி. பறவைகளின் எச்சம் விழுந்து விழுந்து தண்ணீரே உரமாகிறது, அதைத்தான் வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள். கும்பினிக் காலத்தில், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்டபோது, சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரே போய்ச் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டது. 1790களில் அங்கே கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். இனி யாரும் சுடக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்துக்குக் கவுல் என்று பெயர். கவர் பண்ண வந்தவர்களை விரட்டக் கவுல் வாங்கிய ஊர் அது! தீபாவளிக்கு அங்கே இன்றும் வெடி வெடிப்பதில்லை. பக்கத்தில் மதுராந்தகத்தில் ஏரி உடையாமல் ராமர் காவல் நின்றதைக் கண்டதாகக் கதை சொல்வார்களே, அந்தத் துரையும் இதே பிளேஸ்தான். 2020இல் சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையை 3 ஆகக் குறைக்கலாம் என்று பேச்சு எழுந்தபோது இதே பக்கத்தில் நான் கத்தியது பழைய வாசகர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

இன்னொரு பழைய சண்டை. வருஷா வருஷம் மார்கழி வந்தால் போதும், வேடந்தாங்கலில் 'வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன' என்று பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். குளிருக்குப் பயந்து வடக்கேயிருந்து வரும் வாத்துகள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை இங்கே கூடு கட்டுவதில்லை. மரம் முழுக்கக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். ஃபாரின் என்று சொன்னால்தான் நாம் மதிப்போமா? இதை எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது, ஆனாலும் எழுதுவேன்.

மழை ஏமாற்றிய வருஷத்தில் ஏரியில் தண்ணீர் இருக்காது, பறவையும் இருக்காது, அதனால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும் நல்ல நாட்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் செங்கல்பட்டு தாண்டிப் படாளம் கூட்ரோட்டில் திரும்ப வேண்டும். மத்தியானம் மூணு மணிக்குக் கரையில் இருந்தால் போதும். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாகத் திரும்பி வரும், ஆறு மணிக்குச் சரணாலயத்தை மூடும் வரைக்கும் அதைப் பார்க்கலாம். புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். பாட்டுச் சத்தம் வேண்டாம். குழந்தை கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல நேரம் இருக்கும்.

பைனாகுலர் இல்லையென்றால் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், என்னுடையதைத் தருகிறேன். திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தால் போதும்.