வீட்டு போட்டோ பிரிண்டரில் படத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன, முகமெல்லாம் பச்சையாக வருகிறது. ஹெட் கிளீனிங் ஐந்தாறு தடவை போட்டும் சரியாகவில்லை. என்ன செய்வது?

முதலில் கிளீனிங் போடுவதை நிறுத்துங்கள். இங்க்ஜெட்டில் ஒவ்வொரு கிளீனிங்கும் மை தெளிக்கும் பாகமான ஹெட் வழியாக மையை இழுத்து உள்ளே இருக்கிற கழிவு மைப் பஞ்சில் விடுகிறது. மை வீண், அதோடு அந்தப் பஞ்சு நிறைந்துவிட்டால் பிரிண்டர் வேலை செய்யவே மறுத்துவிடும்.

சாதாரணத் தாளில் நாசில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனை அச்சு) ஒன்று எடுத்து நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் கட்டம் வெள்ளைத் தாளில் சரியாகக் கண்ணுக்குத் தெரியாது, அதைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். முகம் பச்சையாக வருகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் பெரும்பாலும் மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு மையில்தான் கோடுகள் விட்டுப்போயிருக்கும். சயான் என்ற பச்சை கலந்த நீல மை அடைத்தால் படம் சிவப்பாகும், மஞ்சள் அடைத்தால் நீலம் தூக்கும்.

எனக்கும் இதே மெஜந்தாதான் அடைத்தது. அம்மாவின் பழைய படம் ஒன்றை அச்சடித்தபோது கன்னம் பாசி பிடித்த மாதிரி வந்தது, செக் தாளில் மெஜந்தா பாதிக்கு மேல் காணோம். இரண்டு தடவை கிளீனிங் போட்டேன், கொஞ்சம்தான் தேறியது. சரி என்று அணைத்து வைத்துவிட்டு மறுநாள் காலை இன்னொரு தடவை போட்டேன், இரண்டு கோடு தவிர எல்லாம் திரும்பிவிட்டது. புது மை காய்ந்த மையோடு சேர்ந்து ஊறி அதை இளக்க நேரம் வேண்டும், அடுத்தடுத்துப் போட்டால் அந்த நேரமே கிடைப்பதில்லை. இரவு முழுக்க விடுங்கள்.

செக்கில் எல்லாக் கோடும் முழுசாக வந்தும் படம் மோசமாக இருந்தால் ஹெட்டை விட்டுவிட்டு செட்டிங்கைப் பாருங்கள். கிளாசி தாளை வைத்துவிட்டு பிளெய்ன் பேப்பர் என்று விட்டிருந்தால் மை அளவே மாறிப்போகும், நிறமும் கெடும், சில சமயம் கையில் ஒட்டும். தாளைத் திருப்பி வைத்தாலும் மை உறையாமல் குளம் கட்டி நிற்கும். இன்னொன்று, நிறத்தை போட்டோ மென்பொருளும் பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளும் ஒரே நேரத்தில் திருத்தினால் தோல் நிறம் கண்டிப்பாகக் கெடும், இரண்டில் ஒன்றை அணைத்துவிடுங்கள். படம் இருட்டாக வருகிறது என்பவர்கள் முதலில் திரை வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கலாம், பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். செக் முழுசாக வந்தும் கோடு சீரான இடைவெளியில் விழுந்தால் ஹெட்டை நேர்ப்படுத்தும் அலைன்மென்ட் ஓட்டுங்கள், வேக மோடை விட்டு உயர்தர மோடில் எடுங்கள்.

அப்புறம் ஒன்று கேட்கவேண்டும்: பிரிண்டரை எப்படி அணைக்கிறீர்கள்? வேலை நடக்கும்போது சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ள முடியாது, திறந்தபடியே நின்று காய்ந்துவிடும். பிரிண்டரின் சொந்த பட்டனை அழுத்தி, அந்தச் சின்ன உறுமலும் டக் என்ற சத்தமும் அடங்கிய பிறகுதான் சுவிட்ச். வாரம் ஒரு தடவை எல்லா நிறமும் உள்ள சின்னப் படம் ஒன்றை அச்சடித்து வாருங்கள், ஒரு கிளீனிங்குக்குப் போகிற மையை விட அதற்குக் குறைவாகத்தான் செலவாகும்.