பழைய வழக்கும் லைசன்ஸ் பாயிண்டும்: கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் சட்டம். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் விதி வேறு. 'ஸ்பென்ட்' என்றால் 1974-ஆம் ஆண்டு குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி (Rehabilitation of Offenders Act) கெடு முடிந்துபோன தண்டனை. அதன்பிறகு சாதாரண வேலைக்கோ இன்சூரன்ஸுக்கோ யார் கேட்டாலும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: மூன்று வருடம் முன் குடித்துவிட்டு ஓட்டி மாட்டினேன். 14 மாதத் தடை முடிந்தது, ஃபைனும் கட்டியாச்சு. ஃபைன் ஒரு வருடத்தில் ஸ்பென்ட் என்கிறார்கள், ஆனால் பேசிக் டிபிஎஸ்ஸில் (வேலைக்குக் கேட்கிற குற்றப் பதிவுச் சான்றிதழ்) இன்னும் வருகிறதே?

ஃபைனுக்கு ஒரு வருடம் என்பது சரி, தடையும் முடிகிற அன்றே தீரும். ஆனால் கோர்ட் உங்கள் லைசன்ஸில் எண்டோர்ஸ்மென்டும் (குற்றத்தை லைசன்ஸ் பதிவில் குறிப்பது) போட்டிருக்கிறது, அதற்குத் தீர்ப்பு நாளிலிருந்து 5 வருடம் (தீர்ப்பின்போது 18 வயது ஆகாதவர்களுக்கு இரண்டரை). ஒரே குற்றத்துக்குப் பல தண்டனை என்றால் எது நீளமோ அதுதான் கணக்கு. இன்னும் இரண்டு வருடம் பொறுக்க வேண்டும். கார் குற்றம் சின்னதுதானே என்று நினைக்கிறவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். ஒரு கடைத் திருட்டுக்கு வெறும் ஃபைன் வாங்கியவர் உங்களுக்கு நாலு வருடம் முன்னாலேயே வெளியே வந்துவிடுவார்.

கேள்வி: எனக்கும் அதே குற்றம், ஏழு வருடம் ஆச்சு. லைசன்ஸ் கொடுக்கிற டிவிஎல்ஏயின் இணையப் பக்கத்தில் டிஆர் 10 என்ற குடித்து ஓட்டிய குறியீடு இன்னும் நிற்கிறது. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லணுமா?

வேண்டாம். அந்தக் குறியீடு 11 வருடம் லைசன்ஸில் நிற்கும், அது டிவிஎல்ஏயின் கணக்கு. ஸ்பென்ட் ஆவது தனிக் கணக்கு, உங்களுக்கு அது 5 வருடத்தோடு முடிந்தது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வருடா வருடம் கூடுதல் பிரீமியம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: அண்ணா, அடிதடி வழக்கில் 18 மாத ஜெயில், 2021 மார்ச்சில் தீர்ப்பு. 2026 செப்டம்பரில் ஸ்பென்ட் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நடுவில் ஸ்பீடிங் வழக்கு கோர்ட்டுக்குப் போய் 2025-இல் தீர்ப்பாகிவிட்டது. பழையதும் தள்ளிப்போய்விட்டதா?

இல்லை தம்பி, நிம்மதியாக இருங்கள். உங்கள் கணக்கு சரி: பாதியில் வெளியே வந்திருந்தாலும் 18 மாதமும் முடிகிற நாளிலிருந்து 4 வருடம். புதுக் குற்றம் பழையதை இழுக்க வேண்டுமென்றால், அது கிரௌன் கோர்ட்டுக்கு (பெரிய வழக்குகளுக்கான மேல் கோர்ட்) போகக்கூடிய வகையாக இருக்க வேண்டும். ஸ்பீடிங், இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டுவது, கவனமில்லாமல் ஓட்டுவது, ஏன், குடித்து ஓட்டுவதும்கூட மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே முடிகிற குற்றங்கள். அவை தங்களுக்கான 5 வருடத்தைத் தனியாக ஓட்டிக்கொள்ளும், உங்கள் பழைய வழக்கைத் தொடாது.

ஆனால் அது ஸ்பீடிங் வழக்காக இல்லாமல், 'ஆபத்தாக ஓட்டியது' என்ற வழக்காக இருந்திருந்தால் கதை வேறு. அது இரண்டு கோர்ட்டிலும் நடக்கக்கூடியது, மாஜிஸ்திரேட்டே தீர்த்துவைத்தாலும் வகை மாறாது. 2025 ஜூனில் அதற்குத் தீர்ப்பு வந்திருந்தால் எண்டோர்ஸ்மென்ட் 2030 ஜூன் வரை நிற்கும், பழைய அடிதடி வழக்கும் அதனோடு சேர்ந்து 2030 வரை நீளும்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன், நாலாய் மடித்து ஓரம் கிழிந்த கோர்ட் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். பழைய வழக்கு ஸ்பென்ட் ஆக ஐந்தே வாரம் இருந்தபோது ஆபத்தாக ஓட்டியதை ஒப்புக்கொண்டுவிட்டான், அவனிடம் அந்தத் தேதியை யாருமே கேட்கவில்லை. கணக்கில் வருவது தீர்ப்பு நாள்தான், குற்றம் நடந்த நாள் இல்லை. பழையது ஸ்பென்ட் ஆன பிறகு தீர்ப்பு வந்தால் அது திரும்ப உயிர்பெறாது. அதனால் இப்படி ஒரு வழக்கு வந்தால், ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் பழைய வழக்கின் தேதியை வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். சில வழக்கில் கவனமில்லாமல் ஓட்டியது என்று குறைத்துக்கொள்ள அரசுத் தரப்பு சம்மதிப்பதும் உண்டு.

கேள்வி: போஸ்டில் வந்த தாளில் 'குற்றத்தை ஏற்கிறேன்' என்று டிக் போட்டு அனுப்பினேன், ஃபைனும் 6 பாயிண்டும் வந்தது. கோர்ட்டுக்கே போகவில்லை, இதுவும் தண்டனைப் பதிவா?

ஆமாம் அக்கா. தாளின் தலைப்பைப் பாருங்கள். 'சிங்கிள் ஜஸ்டிஸ்' என்று இருந்தால் ஒரு மாஜிஸ்திரேட் தாளைப் படித்தே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார், முழுத் தீர்ப்புதான், பாயிண்ட் இருப்பதால் 5 வருடம். 'ஃபிக்ஸ்ட் பெனால்டி' என்று வந்து நேராகக் கட்டியிருந்தால் அது கோர்ட் தீர்ப்பு ஆகாது. ஆனால் இன்சூரன்ஸ்காரர் பாயிண்ட் இருக்கிறதா என்று தனியாகக் கேட்டால் அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும்.

கேள்வி: மினிகேப் லைசன்ஸுக்கும் சிட்டிசன்ஷிப்புக்கும் இதே கணக்கா?

இல்லை, இரண்டும் விலக்கு. டாக்ஸி, மினிகேப் லைசன்ஸுக்கு என்ஹான்ஸ்ட் டிபிஎஸ் (பேசிக்கைவிட ஆழமான சோதனை) கேட்பார்கள், ஸ்பென்ட் ஆனதும் அதில் வரலாம். குடியுரிமை, விசா விண்ணப்பங்களுக்கு 2012 அக்டோபரிலிருந்து இந்த 1974 சட்டத்தின் பாதுகாப்பே கிடையாது. நம் ஆட்கள் பலர் ஸ்பென்ட் ஆகிவிட்டதே என்று நம்பி பழைய டிஆர் 10-ஐ எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்தக் குற்றத்தைவிட, மறைத்தார் என்பதே பெரிய பிரச்சினையாகிவிடுகிறது. ஃபார்ம் நிரப்பும் முன் கோர்ட் தாளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.